இன்னொரு பொட்டலம்

என் அண்ணனிடம் நான் அதிகம் கேட்ட கேள்வி, "அது எப்படிங்கண்ணா உங்களுக்குத் தெரியும்?" என்பதுதான். சாப்பிட்டீர்களா, மழை உண்டா என்று விசாரித்ததைவிட இதைத்தான் அதிகம் கேட்டிருப்பேன். இப்போது அண்ணன் இல்லை. அந்தக் கேள்வியையும் நான் யாரிடமும் கேட்பதில்லை.

அந்தப் பழக்கம் எனக்கு மில்லில் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். ஓடுகிற நூலின் பருமன் சொன்ன நம்பரில் இருக்கிறதா, இழுத்தால் தாங்குமா, எங்கே மெலிகிறது, எங்கே தடிக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சில மேஸ்திரிகள் நூலை விரலில் சுற்றி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நல்லாத்தான் இருக்குது, லாரிய உட்ருங்க என்பார்கள். நான் விடமாட்டேன். நூல் சுற்றிய ஒரு கோனை எடுத்துப் பார்த்துவிட்டு லாரி முழுக்க நல்ல நூல் என்று சொல்லக்கூடாது. மேலேயிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம், ஓரத்திலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கிற கோனாகப் பொறுக்கவும் கூடாது. இதையே வருஷக்கணக்கில் செய்தால், மனிதர்கள் பேசுவதையும் அப்படியே கேட்கத் தோன்றிவிடுகிறது. யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால், இது எந்த ஒரு கோனை வைத்துச் சொல்வது என்று மனசு தேட ஆரம்பித்துவிடும்.

எங்கள் பக்கத்தில் இது ஆகாத பழக்கம். நாங்கள் வேண்டாம் என்பதைக்கூட வேண்டாமுங்க என்று இழுத்து, அதில் கோபம் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிற ஆட்கள். எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் அப்படிங்களா, செரிங்க என்று கேட்டுக்கொள்வதுதான் மரியாதை. அதில் போய் 'எப்படித் தெரியும்' என்றால் சண்டைக்கு வந்த மாதிரி ஆகிவிடும். ஈரோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் இருந்த அம்மாள் வாழைத்தண்டுச் சாறு குடித்தே கிட்னிக் கல் கரைந்துபோயிற்று என்றார். அந்தச் சமயத்தில் டாக்டர் கொடுத்த மாத்திரையும் சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியென்றால் எது கரைத்தது என்று கேட்டேன். அந்த அம்மாள் பாயசத்துக்குக்கூட என் பக்கம் திரும்பவில்லை. ஒறம்பரை சொந்தபந்தம் வீட்டுக்கு வந்த இடத்தில் விசாரணைக் கமிஷன் வைக்காதே என்று வழி நெடுக என் வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே வந்தார்.

கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள் அண்ணன்தான். சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவில் தோட்டம். தென்னையும் கொஞ்சம் மஞ்சளும் நாலைந்து மாடுகளும் வைத்து, அண்ணனும் நங்கையும் மட்டும் இருந்தார்கள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு கொஞ்சமும் குறையாமல் இருந்தது. சாயங்காலம் பொழுதோட பால் கறந்து முடித்ததும் அண்ணன் போன் போடுவார். "வக்கீலம்மா, இன்னைக்கு ஒரு கேசு இருக்குது" என்றுதான் பேச்சு தொடங்கும். வேண்டுமென்றே எதையாவது கேட்டுக்கொண்டு வந்து என் முன்னால் போடுவார். நான் அதைப் பிய்த்துப்போடுவதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருப்பார். நானும் சளைத்தவள் இல்லை. அவர் சும்மா விட்டாலும் நான் விடமாட்டேன்.

போகப்போக அவருக்கே அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒரு உரக்கார ஆள் வந்து, இந்த மருந்தை ஊற்றினால் தென்னையில் குரும்பைப் பிஞ்சு கொட்டுவது நின்றுபோகும் என்று சொல்லி, நாலு தோட்டத்துப் போட்டோவைக் காட்டியிருக்கிறார். அண்ணன் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, ரெண்டு வரிசைக்கு மட்டும் ஊற்றுகிறேன், பக்கத்து ரெண்டு வரிசையைச் சும்மா விடுகிறேன், வித்தியாசம் தெரிந்தால் தோட்டம் முழுக்க ஊற்றலாமுங்க என்றாராம். ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அதைச் சொல்வதற்காக அன்றைக்குப் பால் கறக்கும் முன்னாலேயே போன் போட்டார். ஊற்றிய வரிசையை மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன் அம்மணி, அந்த வருஷம் மழையில் எல்லா மரத்திலும்தான் காய் நின்றது என்றார். எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் யாராவது கண்டதையும் அனுப்பினால், உங்களுக்கு இதை யார் சொன்னாங்க என்று முதலில் கேட்பவரும் அவர்தான். வணக்கம் போட்டு, கும்பிடும் பொம்மையும் போட்டுத்தான் கேட்பார். என்னைப் போல வெடுக்கென்று கேட்கத் தெரியாது. அதனால் அவருக்குப் பதில் வந்தது. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவர் அசைய மாட்டார். அது பூக் கேட்பது.

எங்கள் குலதெய்வக் கோயிலில் எந்தப் பெரிய காரியத்துக்கும் சாமியிடம் பூக் கேட்டுத்தான் செய்வார்கள். ஒரு வெள்ளை அரளி, ஒரு செவ்வரளி. ரெண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, வெளியே தெரியாதபடி நார் போட்டுக் கட்டி, சாமி காலடியில் வைக்க வேண்டும். பூசாரி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பிரித்தால் வெள்ளை என்றால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கமில்லை. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். பொட்டலம் கட்டிக் கொண்டுவருவது அந்தந்த வீட்டுப் பெண்ணின் பொறுப்பு.

அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது எங்கள் அம்மா கட்டினார். வெள்ளை வந்தது, நங்கை வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் கிணறு வற்றிப்போய்த் தென்னை காய்ந்துகொண்டிருந்த வருஷம், ஆழமாகத் துளைத்து போர் போடலாமா என்று கேட்க நங்கை கட்டினார். வெள்ளை வந்தது, தண்ணீரும் வந்தது. அந்தத் தண்ணீர்தான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு அண்ணனிடம் பேசி ஜெயிக்க முடியுமா? வெள்ளைப் பூ வந்தும் தண்ணீர் வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர்கள் யாரும் கோயிலுக்கு வந்து எனக்குத் தண்ணீர் வரவில்லை என்று மைக் போட்டுச் சொல்லமாட்டார்கள், வந்தவர்கள் மட்டும்தான் கிடா வெட்டுவார்கள் என்றேன். நீ சொல்வதும் நியாயம்தான் என்பார். அடுத்த வாக்கியத்தில் போர் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அப்போதெல்லாம் நான் கடைசியாக விடுகிற அம்பு ஒன்று உண்டு. "அந்த இன்னொரு பொட்டலத்தை எப்பவாச்சும் பிரிச்சுப் பாத்திருக்கீங்களாண்ணா?"

"அது வழக்கமில்ல அம்மணி."

"பிரிக்காமயே அதுல செவப்புதான் இருக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"உன்ற நங்கை கட்டுன பொட்டலம். அதுல பிரிச்சுப் பாக்கறதுக்கு என்ன கெடக்குது?"

நங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். அடுத்த முறை போகும்போது மறுபடியும் கேட்பேன். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது. வண்டியை விட்டு நான் இறங்கும்போதே, "வந்துட்டா, பொட்டலத்தப் பிரிக்கறதுக்கு" என்று அண்ணன் நங்கைக்குக் குரல் கொடுப்பார்.

போன வருஷம் சித்திரையில் அண்ணனுக்கு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாட்டுக்குப் போரிலிருந்து சோளத்தட்டு உருவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோயம்புத்தூருக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சுக்குப் போகிற குழாய்கள் மூன்றிலும் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். எனக்கு ஒரு கோன் போதாது. எல்லாச் சோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு உக்கடம் பக்கம் இன்னொரு டாக்டரிடம் போனேன். முதல் டாக்டர் சொன்னதைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவர் மனசு அந்தப் பக்கமே சாயும். அவரும் பார்த்துவிட்டு அதே வார்த்தையைத்தான் சொன்னார். ஆபரேஷன் செய்தால் நல்லபடியாக இருக்கலாம், செய்யாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம். ரெண்டு பேரும் தனித்தனியாக ஒன்றையே சொன்னதும் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. சந்தேகம் தீர்ந்தால் காரியம் முடிந்தது என்று நினைக்கிற ஆள் நான்.

அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டாக்டரிடம் செரிங்க செரிங்க என்று தலையாட்டினார். காரில் ஏறியதும், "சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வந்துரலாம் அம்மணி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு அரளிப்பூவிடம் யோசனை கேட்பார்களா? ஆனால் முன்சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். சிவப்பு வந்தால் சண்டை போட்டுக்கொள்ளலாம், இப்போதே எதற்கு என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். கூட்டமில்லை. நங்கை மஞ்சள் பையிலிருந்து ரெண்டு பொட்டலங்களை எடுத்துத் தட்டில் வைத்தார். வைத்த பிறகும் தட்டை விடவில்லை. சிவப்பு வந்துவிடுமோ என்று பயப்படுகிறார் என நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நம்பிக்கை இல்லாதவளுக்கு எதற்கு நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும்? ஆனால் அடித்துக்கொண்டது. பூசாரி கற்பூரம் காட்டி, கண்ணை மூடி நின்று, ஒரு பொட்டலத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் நாரைப் பிரித்தார். வெள்ளை.

அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உத்தரவு குடுத்துருச்சு. நாளைக்கே போய்ச் சேந்துக்கலாம்" என்றார். நங்கை அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். என் கண்ணும் நிறைந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் பூவோ காயோ, எது சொன்னால் எனக்கென்ன, அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும் என்றிருந்தது.

பூசாரி மற்றப் பொட்டலத்தைக் கிணற்றில் போட எடுத்தார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் அப்படியே என் கண்ணில் நிற்கிறது. என்னை வம்புக்கு இழுக்கும்போது வருகிற சிரிப்பு அதில் இருந்தது.

"ஏனுங்க, அதைய இங்க குடுங்க" என்றார் பூசாரியிடம். "என்ற தங்கச்சி ரொம்ப வருசமாக் கேட்டுட்டே இருக்குது. இன்னைக்கு அதுக்குப் பிரிச்சுக் காட்டிப்போடலாம்."

நங்கை எழுந்து ஓடி வந்தார். வழக்கமில்லைங்க, வேண்டாமுங்க, சாமி குத்தம் ஆகிப்போகும் என்றார். அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. அண்ணன் அதற்கும் சிரித்தார். தங்கச்சி சந்தேகம் தீர்ந்துவிட்டால் சாமிக்கும் சந்தோஷம்தானே என்றார். நானாவது வேண்டாம் என்று தடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எதற்காகத் தடுப்பேன்? அண்ணன் எனக்காக வழக்கத்தை மீறுகிறார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவர் பிரித்தார். அதிலும் வெள்ளை.

கற்பூரத் தட்டு பூசாரி கையில் அப்படியே நின்றது. அண்ணன் ரெண்டு பூவையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, ரெண்டும் ஒரே செடியில் பறித்ததுதானா என்று பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நங்கையைப் பார்த்தார். நங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது நங்கை தனியாக எடுத்த முடிவு. யாரிடமும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். செவப்பு வந்துவிட்டால் அவரை யாராலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியாது என்று விடிய விடிய யோசித்து, விடிகாலையில் செவ்வரளிச் செடியைத் தொடாமல் வெள்ளைச் செடியிலேயே ரெண்டையும் பறித்துக் கட்டியிருக்கிறார். அவருக்குச் சாமி மேல் பயம் அதிகம். அந்தப் பயத்தையும் மீறிச் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா? அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தோம். அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்றார். நான் பிடித்துக்கொண்டேன். பூ தப்பானால் டாக்டர் எப்படித் தப்பாவார்? ரெண்டு டாக்டர்கள், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது, ரெண்டு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள். பூவுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சிவப்பு வந்திருந்தாலும் அடைப்பு அங்கேதான் இருக்கும் என்று பேசினேன். அத்தனையும் சரியான பேச்சு. இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையை என்னால் தப்பென்று எடுக்க முடியாது.

"நீ சொல்றதெல்லாஞ் செரி கண்ணு" என்றார் அண்ணன். "பிரிச்சுப் பாக்கோணும்னு சொன்னே. பாத்தேன். அதுவுஞ் செரிதான். இனி நான் எதைய நம்பிப் போய் அந்த மேசை மேல படுக்கறது?"

அவர் நங்கையிடம் திரும்பினார்.

"அன்னைக்கு போருக்குக் கட்டுனதும் ரெண்டும் வெள்ளதானா?"

இல்லைங்க, சத்தியமா இல்லைங்க என்றார் நங்கை. அண்ணன் தலையாட்டினார். நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நம்ம கல்யாணத்துக்கு எங்கம்மா கட்டுனாங்க. அதுல என்ன இருந்துச்சோ."

நங்கை புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது. உரக்காரரிடம் கேட்ட மாதிரி, நிதானமாக, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அதனால்தான் தாங்க முடியவில்லை. கேட்கக் கற்றுக்கொடுத்த நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சந்தேகமான இடத்தில் மட்டும்தான் அறும் என்று நினைத்திருந்தேன். அவர் வாழ்ந்த மொத்த வாழ்க்கையிலும் அது அறுந்துகொண்டே போகும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் மறுபடியும் போனேன். இந்த முறை வாதம் எதுவும் கொண்டுபோகவில்லை. மாட்டுக் கொட்டகையில் அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எதுக்குங்கண்ணா பயம் என்று மட்டும் கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் கேட்காத கேள்வி அது. கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா குடலிறக்கத்துக்கு ஈரோட்டில் ஆபரேஷன் செய்யப் போனவர் திரும்பவில்லை. வரமாட்டேன் என்றவரைச் சமாதானம் சொல்லி, வண்டியில் ஏற்றியது அண்ணன். "அவரு நடந்து போனாரு அம்மணி. நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அதுக்குப் பூக் கேக்கல" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அது தெரிந்ததும் எனக்குப் பேச வழி கிடைத்தது. அந்தக் காலத்து மயக்க மருந்து வேறு, இப்போது வேறு என்று சொன்னேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது, உங்களுக்கு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள் என்றேன். நானும் கூடவே இருப்பேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். நடுவில் ரெண்டு மூன்று கேள்விகளும் கேட்டார், நல்ல கேள்விகள். பொழுது இறங்கிய பிறகு, "பாக்கலாம் அம்மணி" என்றார். எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது நிஜமாகவே பார்க்கலாம்தான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்படி நினைக்க எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றுமில்லை. நினைக்க ஆசையாக இருந்தது, நினைத்தேன்.

ஆடி பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். காலையில் கரண்ட் வந்ததும் அண்ணன் மோட்டார் போடப் போனார். தென்னைக்குப் பாய்கிற தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு தடத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, மடையை மாற்றிவிடாமல் என்ன செய்கிறார் என்று நங்கை போய்ப் பார்த்திருக்கிறார். மண்வெட்டி ஒரு பக்கம் கிடந்தது. அண்ணன் தண்ணீரிலேயே கிடந்தார். பூக் கேட்டுப் போட்ட போரின் தண்ணீர் அது. மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல், நான் போய்ச் சேரும் வரைக்கும் அது ஓடிக்கொண்டே இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரெண்டாவது பொட்டலத்தைப் பிரித்ததால்தான் என்றார் ஒருவர். ஆடியில் வந்த கண்டம் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஒருவர், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மட்டும் என்ன தங்கிவிடுகிறார்களா என்று தமக்குத் தெரிந்த ஒரே ஒருவரின் கதையைச் சொன்னார். ஒரே ஒரு கோன். அவர்களிடம் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை. எல்லோருக்கும் செரிங்க, செரிங்க என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏதாவது பேசு, இப்படி இருக்காதே என்றார்.

காரியம் முடிந்து ஒறம்பரைகள் எல்லாம் போன பிறகு நான் நங்கையோடு தங்கினேன். அவர் வேலைகளை விடவில்லை. பால் கறந்தார், சாணி அள்ளினார், எனக்குச் சோறு போட்டார். வாசலில் இருந்த ரெண்டு அரளிச் செடிகளில் பூப் பறிப்பதை மட்டும் விட்டுவிட்டார். பூக்கள் செடியிலேயே வாடி, கீழே விழுந்து கிடந்தன. நான் கூட்ட எடுத்தபோது, கிடக்கட்டும் என்றார்.

ஒரு நாள் மத்தியானம் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார். ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததை எடுத்துப் பேசுகிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுல நான் செவப்பு வெச்சிருந்தா, அவரு இருந்திருப்பாருங்களா அம்மணி?"

என் மில் மூளை ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. ஒன்றில் சிவப்பு இருந்திருந்தால், வெள்ளை வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வெள்ளை வந்திருந்தால், மற்றதைப் பிரித்ததும் சிவப்பைப் பார்த்திருப்பார், எனக்குக் காட்டிச் சிரித்திருப்பார், மறுநாளே போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பார். அதற்குப் பிறகு பிழைக்க நல்ல வாய்ப்பு என்று ரெண்டு டாக்டர்களும் சொல்லியிருந்தார்கள். இதுதான் பதில். இந்தப் பதிலை நங்கையிடம் எந்த வாயால் சொல்வது?

நான் முறத்தை நகர்த்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி அடித்துச் சொன்னேன்.

"இல்லீங்க நங்கை. எப்படிச் செஞ்சிருந்தாலும் அண்ணன் தங்கியிருக்க மாட்டாரு."

நங்கை என் முகத்தையே பார்த்தார். கோபமில்லை, குத்தலும் இல்லை. அண்ணன் கடைசியில் கேட்டாரே, அதே நிதானம். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"அது எப்படிங்க அம்மணி உங்களுக்குத் தெரியும்?"